மூத்த குவார்ட்டர்பேக்கை வைத்துக்கொள்வதா, வழியனுப்புவதா: கிரீன்பே நகரை முன்வைத்து ஓர் ஆய்வு

அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக் என்பார், எதிரணியின் பெருத்த ஆசாமிகள் நால்வர் ஐவர் தம்மேல் வந்து விழுவதற்குள், இரண்டு மூன்று நொடிகளில், பந்தை யாருக்கு எறிவது என்று முடிவெடுப்பவர். நாற்பதை நெருங்கும் ஒருவர் இதைத் தொடர்ந்து செய்ய ஆசைப்படுவது ஏன் என்பது மனநூலாருக்கு உரிய வினா. அவரை அணி வைத்துக்கொள்ள வேண்டுமா என்பதே நமக்கு உரியது.

இதற்குத் தக்க களம் விஸ்கான்சின் மாநிலத்துக் கிரீன்பே. ஒரு லட்சத்தைச் சுற்றி மக்கள் வாழும் அவ்வூரின் பேக்கர்ஸ் அணிக்குத் தனி முதலாளி இல்லை, ரசிகர்களே பங்குதாரர்கள். பங்குக்கு ஈவுத்தொகை கிடையாது, லாபத்துக்கு விற்கவும் இயலாது. ஆகவே பங்கினால் வரும் ஒரே வருமானம், குவார்ட்டர்பேக்கைப் பற்றிக் கருத்துச் சொல்லும் உரிமை. அதை எவரும் வீணாக்குவதில்லை.

முதற்சான்று பிரெட் ஃபார்வ். 1992இல் பேக்கர்ஸுக்கு வந்தவர். 2010 டிசம்பர் வரை, அணிகள் மாறியும், லீக் ஆட்டங்களில் 297ஐ இடைவிடாமல் தொடங்கியவர். 1997 ஜனவரியில் லீகின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலை வென்றார். 2008 மார்ச்சில் அழுதுகொண்டே ஓய்வை அறிவித்தார். ஜூலையில் திரும்பி வருகிறேன் என்றார். ஓய்வுகளின் காலவரிசை சற்றுச் சிக்கலானது. 2008 மார்ச், 2009 பிப்ரவரி, 2011 ஜனவரி என மூன்று கிடைக்கின்றன. முன்னிரண்டையும் இடைச்செருகல் எனத் தள்ளி, மூன்றாவதை மூலபாடமாகக் கொள்வது இவ்வாய்வாளரின் துணிபு.

அவர் திரும்ப விரும்பியபோது ஆரன் ராஜர்ஸ் என்ற இளைஞர் பெஞ்சில் மூன்று ஆண்டுகளை முடித்திருந்தார். நிர்வாகம் ஃபார்வை நியூயார்க் ஜெட்ஸுக்கு அனுப்பியது. ராஜர்ஸின் முதல் ஆண்டில் 6 வெற்றி, 10 தோல்வி. பங்குதாரர்களுக்கு வருமானம் கொழித்தது.

இங்கே தடை எழுப்புவார் உளர். 2009இல், நாற்பது வயதில், பரம எதிரியான மினசோட்டா வைக்கிங்ஸுக்கு ஆடிய ஃபார்வ் 33 டச்டவுன் எறிந்தார், பறிகொடுத்தவை ஏழே. பேக்கர்ஸை இருமுறை வீழ்த்தினார், ஒருமுறை அவர்கள் லாம்போ மைதானத்திலேயே. அப்படியானால் அனுப்பியது பிழையன்றோ எனின், அன்று. சூப்பர் பவுலுக்கு ஓர் ஆட்டமே இருக்க, 28–28 என்ற நிலையில், கடைசி நொடிகளில், ஓடிக்கொண்டே உடம்புக்குக் குறுக்கே எறிந்து பந்தை எதிரணியிடம் கொடுத்தவரும் இவரே. வைக்கிங்ஸ் தோற்றது. ஓராண்டு கழித்து ராஜர்ஸ் சூப்பர் பவுல் வென்றார்.

ஆயினும் இதை வைத்து ‘நாற்பதில் அனுப்பிவிடு’ என்று விதி செய்வது அவசரம். நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் 2017இல் வாரிசு ஜிம்மி கரோப்பலோவை அனுப்பிவிட்டு, நாற்பது வயது டாம் பிராடியை வைத்துக்கொண்டது. 2019 பிப்ரவரியில் கோப்பையும் வந்தது. 2020 மார்ச்சில் பிராடியும் கிளம்பினார். வீட்டில் வாரிசு இல்லை. அந்த ஆண்டு 7 வெற்றி, 9 தோல்வி. பிராடியோ டாம்பா பே சென்று, 43 வயதில் சூப்பர் பவுல் வென்றார். ஆக, மூத்தவரின் தோளையும் முழங்காலையும் ஸ்கேன் எடுத்துப் பயனில்லை. ஸ்கேன் எடுக்க வேண்டியது பெஞ்சை.

பேக்கர்ஸ் இதைப் புரிந்துகொண்டு 2020இல் ஜோர்டன் லவ் என்பவரை, அணிகள் புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எடுத்தது. ராஜர்ஸுக்கு அப்போது 36 வயது. கோபித்துக்கொண்டவர் 2020, 2021 இரண்டு ஆண்டும் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். வாரிசை எதிரே உட்கார வைப்பது மூத்தவருக்கு மருந்தாகும் என்ற கிளைமுடிபு இதிலிருந்து பெறப்படும். மருந்தின் வீரியம் ஏறத்தாழ மூன்று ஆண்டு. 2023 பிப்ரவரியில், ஆடுவதா விடுவதா என்று தெளிய, ராஜர்ஸ் சில நாள் இருட்டறையில் தனித்திருந்தார். உள்ளே என்ன கண்டாரோ. வெளியே வந்து கண்டது ஜெட்ஸை. ஆம், அதே ஜெட்ஸ். செப்டம்பரில் அங்கே முதல் ஆட்டத்தின் நான்காவது ஸ்னாப்பில், அதாவது நான்காம் முறை பந்து அவர் கைக்கு வந்தபோதே, குதிகால் தசைநார் அறுந்தது. சரியாக மூன்று ஆண்டு பெஞ்சில் இருந்த லவ், அந்த சீசனிலேயே டாலஸை அதன் சொந்த மைதானத்தில் 48–32 என்று பிளேஆஃபில் வீழ்த்தினார்.

இருமுறை நிகழ்ந்ததை விதி என்பதா, தற்செயல் என்பதா என்று புள்ளியியலார் பூசலிடுவர். மூன்றாம் சான்று கிடைத்தால் தீர்ந்துவிடும். ஜெட்ஸுக்குப் போகும்போது ஃபார்வுக்கு வயது 38, ராஜர்ஸுக்கு 39. லவ் பிறந்தது 1998 நவம்பரில். எனவே 2037 வாக்கில் ஜெட்ஸ் அணி ஒரு குவார்ட்டர்பேக்கைத் தேடிக்கொண்டிருக்கும் என்பதை இப்போதே பதிவுசெய்து வைக்கிறோம்.