ஜவ்வு முதல் சீரக சம்பா வரை

எங்கள் ஆம்பூரில் நாய் கக்கினால் அந்தக் காலத்தில் இரண்டே காரணம். சூடு பிடித்திருக்கும், இல்லாவிட்டால் எவனோ மருந்து வைத்திருப்பான்.

தோல் ஷாப்பு வாசலே எங்கள் நாய் மணிக்கு வீடு. பச்சைத் தோலிலிருந்து உதிரும் உப்பை நக்கும். சுண்ணாம்புக் குழியிலிருந்து எடுத்த தோலில் சுரண்டிப் போடும் ஜவ்வைத் தின்னும். அதில் சுண்ணாம்போடு, மயிர் கழற்றுகிற சோடியம் சல்பைடும் ஏறியிருக்கும்; குடலைப் புண்ணாக்கும் சரக்கு. மணி கக்கும், அருகம்புல் கடிக்கும், மறுபடி கக்கும். "வயிறு சுத்தமாவுது, வுடு" என்பார் நைனா. ஆயா மோரை ஊற்றி வைப்பாள். மருத்துவம் முடிந்தது.

குட்டிகள் விஷயம்தான் கொடுமை. நேற்றுவரை காலைக் கடித்து விளையாடியது சோறு வேண்டாமென்று மூலையில் சுருண்டுகொள்ளும். அப்புறம் வாந்தி, அப்புறம் ரத்தமும் தாங்க முடியாத நாற்றமுமாகக் கழிச்சல். ஒரே ஈற்றுக் குட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். இதற்குக் காரணமான பார்வோ வைரஸை உலகமே 1978-இல்தான் கண்டுகொண்டது. 80-களின் தொடக்கத்தில் சென்னையிலும் கண்டார்கள். எங்கள் தெருவுக்கு அந்தச் சேதி வரவில்லை. இத்தனைக்கும் அப்போது எங்கள் ஜில்லாவிலேயே இருந்த ராணிப்பேட்டையில், 1932 முதல் கால்நடைத் தடுப்பு மருந்து நிலையம் இருக்கிறது. ஆடு, மாடு, கோழிக்கு ஊசி உண்டென்று தெரியும். நாய்க்கு எவன் போடுவான்? குட்டி செத்த இடத்தில் பினாயில் தெளித்துவிட்டு அங்கேயே அடுத்த குட்டியைக் கட்டுவார்கள். அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், பினாயிலுக்கெல்லாம் மசியாது, ப்ளீச் போன்ற சிலவற்றுக்குத்தான் அடங்கும்.

இப்போது வேலூரில் மகன் வீட்டு லாப்ரடார், பெயர் புரூனோ. ஆறு எட்டு வாரத்தில் தொடங்கி பதினாறு வாரம் வரை தவணை தவணையாக ஊசி. என் ரேஷன் கார்டைவிட அதன் ஊசி அட்டை சுத்தமாக இருக்கிறது. பார்வோ கண்ட குட்டியும் நேரத்தோடு டிரிப் ஏற்றினால் பெரும்பாலும் எழுந்துவிடுகிறது. பழைய காலத்துக்காக ஏங்க எனக்கு இதில் ஒன்றுமில்லை.

ஆனால் புரூனோ கடிப்பது என்ன? கடையில் பளபளப்பான பொட்டலத்தில், இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்ட வெள்ளை 'எலும்பு'. கையில் வாங்கியதுமே மூக்கு கண்டுபிடித்துவிட்டது. மாட்டுத் தோலின் உள்ளடுக்கு. சுண்ணாம்பில் ஊறி, மயிர் போய், பதனிடாமல் வெளுத்துக் காயவைத்தது. மணி ஓசியில் தின்றதற்குப் பட்டணத்துத் தம்பி. துண்டாகப் பிய்த்து விழுங்கினால் வயிற்றில் ஊறிப் பருத்துக் குடலை அடைத்துக்கொள்ளவும் கூடும்.

போன ஞாயிற்றுக்கிழமை இதற்குமேல் சீரக சம்பா பிரியாணியும் சேர்ந்தது. வெந்த எலும்பு சில்லு சில்லாக உடைந்து குத்தும், கொழுப்பு கணையத்தை வீங்க வைக்கும், வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். எங்களுக்கு விருந்தான எல்லாமே நாய்க்கு ஆகாதவை. ராத்திரி புரூனோ முன்பக்கம் தாழ்த்தி, பின்பக்கம் தூக்கி, கும்பிடுவதுபோல் நின்றது. வயிற்றுவலி. மகன் இபுப்ரோஃபென் அட்டையை எடுத்தான். அது நாய் வயிற்றில் புண் போடும் மாத்திரை. பிடுங்கி வைத்தேன்.

நாய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். டாக்டரம்மா உதட்டைத் தூக்கி ஈறை அழுத்தினார். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டுமாம். பிடரித் தோலை இழுத்துவிட்டார்; உடனே படியாவிட்டால் உடம்பில் தண்ணீர் இல்லை. எத்தனை தடவை வாந்தி, குடித்த தண்ணீர் நிற்கிறதா, கடைசியாக எப்போது வெளிக்குப் போனது என்று கேட்டார். "வயிறு உப்பி, ஒண்ணும் வராம ஓங்கரிச்சா விடியட்டும்னு இருக்காதீங்க. வயிறு முறுக்கிக்கிட்டா சில மணி நேரந்தான்."

"என்ன சாப்பிட்டான்?"

"பாக்கெட் தீனி மட்டுந்தான் மேடம்" என்றான் மகன். எக்ஸ்ரேயில் ஆட்டெலும்புச் சில்லுகள் வெள்ளையாகச் சிரித்தன. நல்ல வேளை, எதுவும் அடைத்துக்கொள்ளவில்லை.

ஊசி போட்டு, வாந்தி நின்றதும் பத்தியம் சொன்னார்: உப்பு, மசாலா, எண்ணெய் இல்லாமல் வேகவைத்த கோழி, குழைந்த சாதம், கொஞ்சம் கொஞ்சமாக.

மருமகள் கவனமாகக் குறித்துக்கொண்டு கேட்டாள்: "சாதம்னா சாதா அரிசியா மேடம், சீரக சம்பாவா?"