பட்டு: பெயரா, வினையா?

ஒரு நெசவாளர், முள்ளிப்பட்டு: கம்ப்யூட்டருக்குத் தமிழ் இலக்கணம் சொல்லிக்கொடுக்கிறார்களாமே, எதற்கு?

'வெயில் பட்டு பட்டு வெளுத்துப்போச்சு' என்று உங்கள் வீட்டில் யாராவது சொன்னால் உங்களுக்குச் சட்டென்று புரிகிறது. முதல் பட்டு வினையெச்சம், இரண்டாவது புடவை. உங்கள் ஊர்ப் பெயரின் வாலில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. மென்பொருளுக்கு மூன்றும் ஒரே எழுத்து வரிசைதான். அதனால் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் பெயர், வினை, இடைச்சொல் என்று குறிக்க வேண்டியிருக்கிறது. இதற்குச் சொல்வகைக் குறியிடல் என்று பெயர். 'நல்ல நெய்', 'நல்லா நெய்' இரண்டையும் பாருங்கள். முதல் நெய் மளிகைக் கடைக்கு அனுப்புகிறது, அடுத்தது தறிக்கு. இந்த வித்தியாசம் தெரியாத மொழிபெயர்ப்பு மென்பொருள் ஆரணியில் ஒரு நாள்கூடத் தாங்காது.

கல்லூரி மாணவி, ஆரணி: மொத்தம் எத்தனை சொல்வகை?

தொல்காப்பியர் பெயர், வினை, இடை, உரி என்று நான்கில் முடித்தார். ஆங்கிலத்துக்கு அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் வகுத்தது 36. தமிழுக்குக் கோவை அமிர்தா பல்கலைக்கழகம் வகுத்தது 32. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவாக இப்போது புழங்கும் பட்டியலில் 17.

நான்கு ஏன் போதவில்லை? 'நெய்து' என்றால் பின்னால் இன்னொரு வினை வரப்போகிறது. 'நெய்த' என்றால் பெயர் வரப்போகிறது. 'நெய்தார்' என்றால் பேச்சு முடிந்தது. மூன்றையும் வெறுமனே வினை என்று எழுதிவிட்டால் அடுத்து வருவதை ஊகிக்க வழியில்லை. 'நெய்தவர் கூலி கேட்டார்' என்பதில் வரும் நெய்தவர் இன்னும் பெரிய ஆள். பிறப்பு வினை, பார்ப்பது பெயரின் வேலை. நம் இலக்கணம் இவருக்கு வினையாலணையும் பெயர் என்று எப்போதோ பட்டம் கட்டிவிட்டது. ஆங்கிலத்துக்கு வகுத்த பட்டியலில் இவருக்கு நாற்காலி கிடையாது. தமிழுக்கான பட்டியலை நம் இலக்கணத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கட்சி.

சரிகை வியாபாரி, ஆரணி: 'தங்கம் ஏறிவிட்டது' என்றால் மென்பொருளுக்குப் புரியுமா?

ஏறிவிட்டது என்றால் விலை, ஏறிவிட்டாள் என்றால் பஸ். ஆங்கிலத்தில் ஆள் பெயரைப் பெரிய எழுத்து காட்டிக்கொடுக்கும். தமிழில் அது கிடையாது, வினைமுற்றின் விகுதிதான் சாட்சி. தங்கம் மூன்று வயதுக் குழந்தையாக இருந்தால் மட்டும் விகுதியும் கைவிட்டுவிடும்!

நெசவாளர் சங்க ஊழியர், ஒண்ணுபுரம்: நூற்றுக்கு 97 சொல் சரியாகக் குறித்தால் போதாதா?

ஆங்கிலத்தில் அந்த அளவை எட்டிவிட்டார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 20 சொல் கொண்ட வாக்கியத்தில் இருபதும் சரியாக அமைய வேண்டுமே! 0.97-ஐ இருபது தடவை பெருக்கிப் பாருங்கள், 0.54 வரும். அதாவது, கிட்டத்தட்ட பாதி வாக்கியங்களில் ஏதாவது ஒரு பிழை இருக்கும். நூறு இழைக்கு மூன்று அறுந்த புடவையை உங்கள் சங்கம் வாங்கிக்கொள்ளுமா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தேவிகாபுரம்: இதில் எனக்கு ஏதாவது வேலை உண்டா?

ஐயா, இது உங்கள் வேலையேதான். மனிதர் கையால் குறித்த வாக்கியங்களைப் பார்த்துத்தான் மென்பொருள் பழகுகிறது. செக் நாட்டின் பிராக் நகரில், சார்லஸ் பல்கலைக்கழகத்தில் லோகநாதன் ராமசாமி முன்னின்று குறியிட்டு உருவாக்கிய தமிழ்த் தொகுப்பில் இருப்பவை 600 வாக்கியங்கள். அருமையான உழைப்பு. இலங்கையில் சர்வேஸ்வரன் உருவாக்கிய தமிழிபோஸ்ட் என்ற குறியிடும் மென்பொருளுக்குக் கோவை அமிர்தா பல்கலைக்கழகம் குறியிட்ட உரைகள் கைகொடுத்தன. ஆனால் பிராக் தொகுப்பில் உள்ளது செய்தித்தாள் தமிழ். தறியடியில் புழங்கும் பாவு, ஊடை, விழுது, தார் சுற்றுவது எல்லாம் அந்தத் தமிழில் எங்கே வரப்போகிறது? பாவு என்ற சொல்லைப் பார்த்து, யாரையோ ஏவுகிற வினை என்று மென்பொருள் நினைத்தால் அது அதன் குற்றமில்லை. நாம் காட்டவில்லை.

ஒன்று செய்யுங்கள். தறியடியில் பேசுவதில் ஐம்பது வாக்கியங்களை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சொல்லின் கீழும் அதன் வகையை எழுதுங்கள். உங்கள் பழைய மாணவர் ஒருவரிடம் அதே வாக்கியங்களைக் கொடுத்து, உங்கள் விடையைக் காட்டாமல் தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள். இருவரும் வேறுபடுகிற சொற்களை வட்டமிட்டு, ஏன் என்று ஒரு வரி எழுதி எனக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் அவற்றுக்கே இந்தப் பகுதியை ஒதுக்குகிறேன்.