முன்பனிக் கால ஊடல்: உதகையில் வைகறையில் இயங்க மறுக்கும் மோட்டார் வண்டிகள் குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் அமைந்த உதகமண்டலத்தில், நவம்பர் முதல் பிப்ரவரி வரை நீளும் உறைபனிக் காலத்தின் வைகறைகளில், முந்தைய மாலை வரை எக்குறையுமின்றி ஓடிய கார் ஒன்று சாவியைத் திருப்பியதும் முனகி அடங்குவதும், உரிமையாளர் விடாது சாவியைத் திருப்புவதும், அவ்வொலி கேட்டு அண்டையிலுள்ள விடுதிச் சன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறப்பதும் ஆகிய நிகழ்ச்சித் தொடர் உரிய இலக்கணம் வகுக்கப்படாமலே கிடக்கிறது. பட்டறைக்காரர்கள் இதனைச் "செல்ஃப் எடுக்கல" என்று இரு சொற்களில் முடித்துவிடுகின்றனர். செல்ஃப் என்பது பேட்டரியின் மின்சாரத்தைக் கொண்டு இன்ஜினை முதலிற் சுழற்றிவிடும் மோட்டாருக்குப் பட்டறை வழக்கில் வழங்கும் பெயர். சார்ல்ஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டின் கேடிலாக் வண்டிகளில் பொருத்தப்படும் வரை, முன்புறத்தில் ஹேண்டிலைச் செருகிக் கையாற் சுழற்றுவதே வழக்கமாயிருந்தமையால், வண்டி எடுக்காத பழியைச் சுழற்றுபவரின் தோள்மேல் ஏற்ற இடமிருந்தது. செல்ஃப் வந்தபின் ஏற்றுவதற்குத் தோள் இல்லாமற்போன அப்பழி, நாளடைவில் பனியின் மேல் இறங்கிவிட்டது. அது தக்க இடத்தில்தான் இறங்கியதா என்று வினவுவதே இவ்வாய்வின் நோக்கமாகும்.

2. திணை வரையறை

நிலமும் பொழுதும் முதற்பொருள் எனக் கொள்ளும் தொல்காப்பிய நெறியில் நோக்கின், வண்டி நிற்கும் இடம் ஐயமறக் குறிஞ்சியாகும். மார்கழியும் தையுமாகிய முன்பனியும் குறிஞ்சிக்குரிய பெரும்பொழுதே. குறிஞ்சியின் உரிப்பொருள் புணர்தலாகலின், காற்றும் எரிபொருளும் சிலிண்டருக்குள் தக்க விகிதத்திற் கலந்து தீப்பற்றுவதே அந்நிலத்தில் நிகழவேண்டிய ஒழுக்கமாகும். ஆனால் உரிமையாளர் வண்டியை எடுக்க முனையும் சிறுபொழுதோ யாமமன்று, வைகறை. வைகறையும் விடியலும் மருதத்துக்கு உரியவையாகையால், அவற்றின் வழியே மருதத்தின் உரிப்பொருளாகிய ஊடல் பானட்டுக்குள் புகுந்துவிடுகிறது. உரிப்பொருள் ஒழிந்த ஏனையவை திணை மயங்கலாம் என்பதே இலக்கணம் தரும் சலுகையாக இருக்க, உதகை வண்டி உரிப்பொருளையே மயக்குவதால், அது ஓட்டுநருக்கு மட்டுமன்றித் தொல்காப்பியருக்கும் இணங்காத வண்டி என்று கொள்ளவேண்டியுள்ளது.

பனியும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இறங்குவதில்லை. காற்றும் மேகமும் அற்ற இரவில் தரை தன் வெப்பத்தை வானுக்கு இழந்து குளிர, அதனைத் தொட்டுக் குளிர்ந்து கனத்த காற்று சரிவுகளில் வழிந்து பள்ளங்களில் தேங்குகிறது. ஆகவேதான் தலைக்குந்தா, காந்தல் போன்ற இடங்களில் புல்வெளி வெள்ளை விரித்தாற்போற் கிடக்க, மேட்டுப் பகுதிகள் பல தப்பிவிடுகின்றன. விடுதிகளின் வண்டி நிறுத்துமிடங்கள் பெரும்பாலும் பள்ளத்தில் அமைய, அறைகள் மேட்டில் அமைவதால், விருந்தினருக்குக் கிட்டாத குளிர் அவர்தம் வண்டிக்குத் தவறாமற் கிட்டுகிறது.

3. ஒலியிலக்கணம்

ஊடலின் காரணத்தை அறிய ஊடும் பொருளின் குரலைக் கேட்பதே முதல் வழியாயினும், சாவியைத் திருப்புவோர் பலர் அவ்வேளையில் தாமே பேசிக்கொண்டிருப்பதால் இவ்வழி பெரிதும் கைவிடப்பட்டுள்ளது. அக்குரல் நால்வகைப்படும்.

முதலாவது தனிநிலை. "டிக்" என ஒரே ஒரு முறை ஒலித்து வண்டி மௌனமாகும். இந்நிலையில் முகப்பு விளக்கு மங்காமல் எரியுமாயின் பேட்டரி குற்றமற்றது. குறை செல்ஃபிலோ, அதற்குச் செல்லும் தடித்த ஒயரின் பிடிப்பிலோ, சொலினாய்டிலோ உள்ளது. சொலினாய்டு என்பது சாவி தரும் சிறு மின்னோட்டத்தைக் கொண்டு செல்ஃபின் பெரிய மின்னோட்டத்துக்கு வழி திறக்கும் காந்தச் சுவிட்சு.

இரண்டாவது இரட்டைக்கிளவி. "டகடக" என்னும் இவ்வொலி, சொலினாய்டு வழி திறந்தவுடன் செல்ஃப் கேட்கும் மின்சாரத்தைத் தர இயலாமற் பேட்டரியின் வோல்ட் சரிய, அச்சரிவால் சொலினாய்டு பிடியை விட, விட்டதும் வோல்ட் மீள, மீண்டதும் சொலினாய்டு மறுபடி பிடிப்பதால் எழுவது. பேட்டரி தளர்ந்திருப்பதையோ, டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்து மின்சாரத்தின் வழி குறுகியிருப்பதையோ இது காட்டும்.

மூன்றாவது அளபெடை. "ர்ர்ர்... ர்ர்ர்..." என இன்ஜின் அரைமனதோடு நீட்டிச் சுழல்வது இது. ஒற்றளபெடைக்கு நன்னூல் இடந்தந்த மெய்களில் ரகரம் இல்லையாதலின் இவ்வொலி இலக்கண வழுவேயாயினும், உதகையில் மிகுதியாகக் கேட்கப்படுவது இதுவே.

நான்காவது பயனிலையற்ற எழுவாய். செல்ஃப் விறுவிறுவென்று சுழலும். இன்ஜின் மட்டும் பற்றாது. சுழற்சி நன்றாக இருப்பதால் பேட்டரியை விட்டுவிட்டு, பெட்ரோல் வண்டியாயின் பிளக்கின் தீப்பொறியையும் எரிபொருள் வரவையும், டீசல் வண்டியாயின் ஹீட்டர் பிளக்கையும் டீசல் குழாயில் காற்றுப் பிடித்திருத்தலையும் நாடவேண்டும்.

4. காரண ஆராய்ச்சி

ஒரு காரியத்துக்கு முதற்காரணம், துணைக்காரணம், நிமித்த காரணம் என மூன்று உண்டென்பதும், குடத்துக்கு முறையே மண்ணும் திரிகையும் குயவனும் அவை என்பதும் சைவ சித்தாந்தம் பயின்றோர் அறிந்தவை. பனியே வண்டியின் மறுப்புக்கு முதற்காரணம் என்பது ஊரார் கொள்கை. ஒரே இரவில் ஒரே வரிசையில் ஒரே பனியில் நனைந்து நின்ற இரு வண்டிகளுள் ஒன்று முதற் சாவியிலேயே எடுத்துக் கல்லட்டிச் சாலையை நோக்கிப் புறப்பட, மற்றொன்று நின்ற இடத்திலேயே நிற்பது கண்கூடாதலால், அக்கொள்கை நிலைபெறாது. பனி இரண்டுக்கும் பொது. ஆகவே அது துணைக்காரணமே. முதற்காரணம் எடுக்காத வண்டிக்குள் ஏற்கெனவே இருந்த ஏதோ ஒரு குறையாதல் வேண்டும்.

அக்குறைகளுள் தலையாயது பேட்டரி. அமிலமும் ஈயத் தகடுகளும் கொண்ட ஆறு அறைகள், அறைக்கு ஏறத்தாழ 2.1 வோல்ட் வீதம், சேர்ந்து 12.6 வோல்ட் தருகின்றன. உள்ளே நிகழும் வேதிவினை குளிரில் மந்தமாவதால், 25 டிகிரி செல்சியஸில் முழு வலிமை காட்டும் பேட்டரி 0 டிகிரியில் அதன் ஐந்தில் நான்கு பங்களவே காட்டும். அதே குளிரில் இன்ஜின் ஆயில் சில மடங்கு தடித்துப்போவதால், சுழற்றத் தேவைப்படும் வலிமையோ கூடிவிடுகிறது. வரவு குறையும் நாளிலேயே செலவு ஏறும் இந்நிலையைப் புதிய பேட்டரி தாங்கிக்கொள்ளும். நான்கைந்து ஆண்டு உழைத்த பேட்டரி தாங்காது. சமவெளியில் அதன் தளர்ச்சி வெளிப்படாமல் இருந்ததற்குக் கோவையின் வெயிலே காரணம்.

ஆயில் டப்பாவின் மேல் காணப்படும் 20டபிள்யூ-40, 5டபிள்யூ-30 முதலிய குறியீடுகளில், டபிள்யூ என்னும் எழுத்து குளிர்காலத்தைச் சுட்டுவது. அதற்கு முன்னுள்ள எண் குறையக் குறைய அந்த ஆயில் குளிரில் எளிதாக ஓடும். சமவெளி வெயிலை எண்ணி ஊற்றப்பட்ட 20டபிள்யூ ஆயிலோடு மலையேறிய வண்டி விடியலில் அளபெடுப்பதில் வியப்பில்லை. எனினும் உற்பத்தியாளர் கையேடு அனுமதிக்காத ஆயிலை ஊற்றுதல் கூடாது.

டீசல் வண்டிக்கு இவற்றோடு மேலும் ஒரு துன்பம் உண்டு. டீசல் இன்ஜினில் தீப்பொறி இல்லை; பழைய இன்ஜின்களில் இருபது மடங்குக்கும் மேலாகக் காற்றை அழுத்தி, அழுத்தத்தால் எழும் வெப்பத்திலேயே டீசல் தானாகப் பற்றவேண்டும். இன்ஜின் மெதுவாகச் சுழன்றால், அழுந்தும் காற்று தன் சூட்டைக் குளிர்ந்த சிலிண்டர்ச் சுவருக்கு இழந்துவிடுகிறது, பிஸ்டன் ரிங்கின் இடுக்குகளில் கசிந்தும் போகிறது. உதகையின் காற்றழுத்தமே கடல்மட்டத்தில் உள்ளதன் நான்கில் மூன்று பங்குக்குச் சற்றே மிகுதி என்பதையும் இதனோடு சேர்க்கவேண்டும். இக்குறையை நிரப்பவே, சிலிண்டருக்கு ஒன்றாக, மின்சாரத்தாற் செந்தழலாகும் ஹீட்டர் பிளக்குகள் வைக்கப்பட்டுள்ளன. சாவியைப் பாதி திருப்பியதும் மஞ்சளாக எரியும் சுருள்வடிவ விளக்கு அணையும்வரை பொறுக்க வேண்டுமென்பது அவற்றின் விதி. 2014-ல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடரின் பழைய டீசல் வகையைப் பேணிவருவோர் இப்பொறுமையில் தேர்ந்தவர்கள். ஏனையோர் அவ்விளக்கை அழகுக்கு வைத்தது என்று கருதுகின்றனர். நான்கு பிளக்குகளுள் இரண்டு செத்திருந்தாலும் சமவெளியில் வண்டி எடுத்துவிடும் என்பதால், அவற்றின் மறைவு உதகையிலேதான் முதன்முதலாக அறியப்படுகிறது.

பெட்ரோல் குளிரில் எளிதாக ஆவியாகாது, ஆவியானதே பற்றும். கார்புரேட்டர் வண்டிகளில் சோக்கை இழுத்துக் காற்றைக் குறைத்துக் கலவையைச் செறிவாக்கும் பொறுப்பு ஓட்டுநருடையது. இன்றைய வண்டிகளில் இன்ஜினின் வெப்பநிலையை அளக்கும் சென்சார் அறிந்து சொல்ல, கணினி அதனைச் செய்கிறது. சென்சார் பொய் சொன்னால் கணினிக்கு வேறு சாட்சி இல்லை.

5. வாயில்களும் அவர்தம் கொள்கைகளும்

ஊடல் தீர்க்கத் தூது செல்வோரை அகப்பொருள் நூல்கள் வாயில்கள் என்னும். வண்டி மூன்றாம் முறை முனகியதும் தேநீர்க் கடையிலிருந்தும் பக்கத்து அறைகளிலிருந்தும் அவர்கள் தோன்றுவர். வண்டி அவர்கள் அனைவருக்கும் வாயில் மறுப்பதே பெருவழக்கு.

பேட்டரி உறைந்தது என்பாரும் உளர். முழுச் சார்ஜில் உள்ள அமிலக் கரைசல் சுழியத்துக்குக் கீழே 50 டிகிரியையும் தாண்டியே உறையும்; சார்ஜ் இழந்ததும்கூடச் சுழியத்துக்குப் பல டிகிரி கீழேதான் உறையும்; உதகையின் குளிர் சுழியத்தைத் தொட்டு ஓரிரு டிகிரி இறங்குவதாகலின் அது பொருந்தாது.

டீசல் உறைந்தது என்பாரும் உளர். டீசலில் உள்ள மெழுகு குளிரிற் படிகமாகி ஃபில்டரை அடைக்கும் என்பது மெய்யே. 2019-ல் லடாக்குக்கென்று சுழியத்துக்குக் கீழே 33 டிகிரி வரை இளகி நிற்கும் டீசலை இந்தியன் ஆயில் அறிமுகப்படுத்தியதும் அதன்பொருட்டே. ஆயினும் அந்நோய் கண்ட வண்டி பெரும்பாலும் முதலில் எடுத்துச் சிறிது ஓடிய பின்னரே திணறும். தொடக்கத்திலேயே சுழல மறுப்பது அதன் அறிகுறியன்று.

"ஆக்சிலேட்டர ரெண்டு மிதி மிதிச்சுட்டு செல்ஃப் அடிங்கண்ணா" என்பது மற்றொரு கொள்கை. கார்புரேட்டர் காலத்தில் இஃது ஒருவாறு பொருந்தும். அளவு மீறினால் பிளக் பெட்ரோலில் நனைந்து வண்டி முற்றும் ஊமையாகும். கண்ணாடியின் மேற் பனிக்கட்டி கரையக் கொதிநீர் ஊற்றுக என்னும் கொள்கை வண்டியை எடுக்க உதவாததோடு, கண்ணாடியையும் விரிசலாக்க வல்லது.

பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து செல்ஃப் அடிக்கலாகாது, அடித்தபின் அரை நிமிடமேனும் பொறுக்க வேண்டும் என்னும் பயனுள்ள விதியை மட்டும் வாயில்களுள் எவரும் சொல்வதில்லை. பொறுத்தல் செயலாகத் தோன்றாமையே இதற்குக் காரணம் போலும்.

6. தள்ளுதல்

வாயில்கள் தோற்றவிடத்துத் தள்ளுதல் நிகழும். சாவியைப் போட்டு, கிளட்சை மிதித்து, இரண்டாம் கியரில் வைத்து, வேகம் வந்ததும் கிளட்சை விட, சக்கரமே இன்ஜினைச் சுழற்றும் என்பது இதன் தத்துவம். ஆட்டோமேட்டிக் வண்டிகள் இதற்குப் புறம்பானவை; பேட்டரி அடியோடு இறந்துபோன இன்ஜெக்ஷன் வண்டியும், பெட்ரோல் பம்புக்கும் கணினிக்கும் உயிர் இல்லாமையால், எவ்வளவு தள்ளினும் தள்ளுவோருக்கே வெப்பம் தரும். உதகைவாசிகளுள் முன்னறிவு உடையோர், இரவிலேயே வண்டியைச் சரிவு நோக்கி நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு உறங்குவர். இன்ஜின் ஓடாத வண்டியில் பிரேக் கடினமாகும், பவர் ஸ்டீயரிங் இறுகும் என்பதைச் சரிவில் இறங்கியபின் அறிதல் காலங்கடந்த அறிவாகும். மற்றொரு வண்டியின் பேட்டரியிலிருந்து மின்சாரம் கடன் வாங்க உதவும் ஜம்பர் ஒயர் உள்ளவர் இத்துன்பத்துக்கு ஆளாவதில்லை. அவர் சிவப்பை இரு பேட்டரிகளின் பாசிட்டிவ் முனைகளிலும், கறுப்பின் கடைசி முனையை, ஹைட்ரஜன் கசியக்கூடிய பேட்டரியில் அன்றி, எடுக்காத வண்டியின் இன்ஜின் உலோகத்திலும் மாட்டவேண்டும்.

7. முடிபு

இறுதியாக மெக்கானிக் வரும் நேரம் பத்து மணி. வெயில் ஏறி, ஆயில் இளகி, பேட்டரி ஓரளவு தெளிந்திருக்கும் நேரமும் அதுவே. அவர் பானட்டைத் திறந்து டெர்மினலை ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சாவியைத் திருப்ப, வண்டி எடுத்துவிடுகிறது. கதிரவனுக்குரிய கூலி அவருக்குச் சேர்கிறது. முதற்காரணமோ கண்டறியப்படாமல் அடுத்த வைகறைக்குத் தப்பிவிடுகிறது. நோயை அது வெளிப்படும் பொழுதிலேயே ஆராய்தல் நன்றெனக் கருதி அவரை ஐந்தரை மணிக்கு அழைப்பின், வாயில் மறுப்பவர் அவராகவே இருக்கிறார்.

ஆதலின் ஆய்வுக்குரிய பொழுது முந்தைய மாலை என்பது பெறப்படும். வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து மல்டிமீட்டர் 12.6 வோல்ட் காட்டினால் அமைதி கொள்ளலாம், 12.2-க்குக் கீழே காட்டினால் அமைதி கொள்ளலாகாது. டெர்மினலில் பூத்த உப்பைச் சோடா மாவு கரைத்த வெந்நீரால் கழுவித் துடைத்து வாசலின் தடவுதல், ஹீட்டர் பிளக்குகளைச் சோதித்தல், அடுத்த சர்வீசில் தக்க ஆயிலைக் கேட்டல் ஆகியவை எஞ்சியவை. இவற்றுள் எதற்கும் அருங்கருவியோ பெரும்பொருளோ வேண்டுவதில்லை. எனினும் மாலையில் வண்டி நன்றாகவே ஓடுகிறது; நன்றாக ஓடும் வண்டியின் பானட்டைத் திறப்பதற்கு உரிமையாளர் எக்காரணமும் காண்பதில்லை; மேலே பெயர் மட்டும் சுட்டி விடப்பட்ட நிமித்த காரணம் இவரே ஆவர்.