மூன்றடி மாவலி

கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் வந்து ‘பாத்தியதை மாமா வீடு’ என்று கேட்டால், கறிவேப்பிலை விற்கிறவர்கூடக் கை காட்டுவார். மாமாவின் சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். இந்த ஜாதி மனிதர் ஒருவர் எல்லாத் தெருவிலும் இருக்கிறார். கும்பகோணத்தில் திண்ணையில் உட்கார்ந்திருப்பார், இங்கே ரோயாக்கில். இரண்டு இடத்திலும் கையில் அதே இரும்பு டேப்.

மாமா வீட்டை ஒட்டி அவருடைய மனையிலேயே ஒரு சந்து. அகலம் மூன்றடி, நீளம் முப்பது. வங்காளக் கணக்கில் சரியாக இரண்டு சட்டாக், ஒரு கட்டாவில் எட்டில் ஒரு பங்கு. பின்வீட்டு பௌதிக்கு (வங்காளியில் அண்ணி) அடுத்த தெருவில் தனி வாசல் உண்டு. ஆனால் சந்தில் நுழைந்தால் மார்க்கெட்டுக்கு இரண்டு நிமிஷம் மிச்சம். அந்த இரண்டு நிமிஷம்தான் ரிட்டயரான நாளாய் மாமாவுக்கு முழுநேர உத்தியோகம்.

“அவசியம் வேற, சௌகரியம் வேறடா. வேற வாசலே இல்லேன்னா வழி விட்டுத்தான் ஆகணும். கத்தரிக்காய் வாங்கக் குறுக்குவழின்னா எப்படி?”

“மூணடிதானே மாமா?”

“மாவலியும் அப்படித்தான் நினைச்சான்.”

மாமாவின் பலம் 1882-ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டம். அதிலிருந்து பிரிவு பிரிவாக எடுத்து விடுவார். ஒருநாள் அலிப்பூர் கோர்ட் முஹுரி (வக்கீல் குமாஸ்தா) ஒருவர் ரோயாக்கில் டீ குடித்தபடி சொன்னார்: “அது உங்கள் மதராஸுக்கு வந்த சட்டம், தாதா. வங்காளத்துக்கு அது கிடையாது.” உண்மைதான். கல்கத்தா தலைநகராக இருந்த காலத்தில் போட்ட சட்டம், கல்கத்தாவுக்கே பொருந்தாது! அன்று ராத்திரி மாமா மோர்சாதத்தோடு நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் காலையில் 1963-ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டத்தோடு வந்துவிட்டார். அதில் 25-ஆவது பிரிவு அவரை உலுக்கியிருந்தது. இருபது வருஷம் பகிரங்கமாக, தகராறும் தடையும் இல்லாமல், உரிமையோடு ஒருவர் நடந்தால் வழி அவருக்குப் பாத்தியப்பட்டுவிடும். பௌதி கல்யாணமாகி வந்து அப்போது பத்தொன்பதாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது.

நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் பிளாசாவை வருஷத்துக்கு ஒருநாள் அடைத்து உரிமையைக் காப்பாற்றுகிறார்கள் என்று எங்கோ படித்துவிட்டு, ஜனவரி முதல் தேதி சந்துக்குக் குறுக்கே கொடிக்கயிறு கட்டினார். பௌதி அதில் இரண்டு துண்டு காயப்போட்டாள். முஹுரியும் உதட்டைப் பிதுக்கினார். தடை போட்டது தெரிந்தும் நடக்கிறவர்கள் ஒரு வருஷம் சும்மா இருந்தால்தான் இங்கே அது தடையாம்.

கடைசியில் மாமாவுக்கு வழி காட்டியது வங்காளி பாஷை. அனுமதி வாங்கி நடப்பவருக்கு எத்தனை வருஷமானாலும் பாத்தியதை வராது. இந்த ஊரில் வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்கள் ‘போகிறேன்’ என்பதில்லை. நம்மைப் போலவே ‘ஆஷ்சி’, அதாவது ‘வருகிறேன்’, என்பார்கள். பௌதியும் மரியாதைக்குத் தினம் மாடியைப் பார்த்து “ஆஷ்சி, மாமா!” என்று சொல்லிவிட்டுத்தான் சந்தில் நுழைவாள். “ஆஷுன், ஆஷுன்” (‘வாங்கோ, வாங்கோ’) என்பார் மாமா. உடனே டைரியில்: ‘8.10. பின்வீட்டார் அனுமதி கோரினார். வழங்கப்பட்டது.’ ஏழு டைரி சேர்ந்துவிட்டது. பௌதிக்கு இது தெரியாது. போன பொங்கலுக்குக்கூட நோலேன் குட் (புது ஈச்சவெல்லம்) பாயசம் கொண்டுவந்து கொடுத்தாள். அதையும் மாமா ‘அனுமதிக்கான கைம்மாறு’ என்று எழுதிவைத்திருக்கிறார்.

நேற்றுக் காலை பௌதி போனைக் காதில் இடுக்கிக்கொண்டு, மாடிப்பக்கம் திரும்பாமலே விறுவிறுவென்று சந்தில் இறங்கிவிட்டாள். மாமா பாதிச் சவரத்தில் இருந்தார். நுரைமுகத்தோடு கைப்பிடிச் சுவரில் வயிறு மடங்கச் சாய்ந்து, தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்:

“ஆஷுன்! ஆஷுன்!”

டைரியில் 8.14-க்கு நேரே சோப்புக்கறை இருக்கிறது.