இன்னும் ஒரு கியர் மிச்சமா?

கேள்வி: புதிதாக ரோடு பைக் வாங்கியிருக்கிறேன். எந்த கியரில் ஓடுகிறது என்று திரையில் காட்டும் சைக்கிள் கம்ப்யூட்டரும் வாங்கலாமா?
– வாசகர், நாமக்கல்

பதில்: பக்கத்திலேயே கொல்லிமலையை வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள்! 70 கொண்டை ஊசி வளைவுகள். நாற்பதாவது வளைவில் நாக்குத் தள்ளும்போது மனிதனுக்கு எழும் ஒரே தத்துவ விசாரம், 'பின்னால் இன்னும் ஒரு பெரிய பல்சக்கரம் மிச்சம் இருக்கிறதா?' என்பதுதான். திரை அதற்குப் பதில் சொல்லும். 'இல்லை' என்று சொன்னால் மிதிக்க வேண்டியது நீங்கள்தான்.

முதலில், உங்கள் கியர் கேபிளில் இழுப்பதா, பேட்டரியில் மாறுவதா என்று பாருங்கள். ஷிமானோ டிஐ2, ஸ்ராம் ஏஎக்ஸ்எஸ் போன்ற மின்னணு கியர் என்றால் கார்மின், வாஹூ திரைகளுக்குக் கம்பியில்லாமல் தகவல் போய்விடும். (பழைய டிஐ2 என்றால் அதற்குத் தனியாக ஒரு குட்டிக் கருவி மாட்ட வேண்டும், கடைக்காரர் இதைக் கடைசியில்தான் சொல்வார்.) சாதாரண கேபிள் கியர் என்றால் திரைக்குச் சேதி சொல்ல ஆளே இல்லை. குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், எதிரே லாரி வராத நேரமாக.

வேகம், தூரம், வழி பார்க்க எப்படியும் கம்ப்யூட்டர் வாங்கப்போகிறீர்கள் என்றால் கியர் எண் கொசுறு. அதற்காகவே வாங்குவது வீண் செலவு. முன்னாலும் பெரிய சக்கரம், பின்னாலும் பெரிய சக்கரம் என்று செயின் கோணலாக ஓடித் தேய்வதைத் திரை காட்டிக்கொடுக்கும், வாஸ்தவம். ஆனால் அப்போது வரும் கரகர சத்தத்தைக் காது இலவசமாகவே சொல்லிவிடும்; சார்ஜும் போட வேண்டாம்.