பறங்கியின் பீப்பாயும் எங்கள் பிளாவும்

தமிழனுக்கு முதன்முதலில் வைன் ஊற்றிக் கொடுத்தவன் யவனன். புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர், யவனர் கப்பலில் வந்த மணமான தேறலைப் பெண்கள் பொற்கிண்ணத்தில் நீட்ட, குடித்துச் சுகமாக இரு என்று பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். அரிக்கமேட்டில் கிடைத்த சாடிகளில் கொஸ் தீவு வைன் சாடிகளும் உண்டு. கொஸ் வைனில் கடல்நீர் கலப்பது வழக்கம். நன்மாறன் குடித்தது அதுதானென்றால், பாண்டிநாட்டுப் பனையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்க, மனுசன் உப்புத் தண்ணீரைத்தான் பொற்கிண்ணத்தில் குடித்திருக்கிறான். எங்கள் யாழ்ப்பாணத்துக் கந்தரோடையிலும் ரோம நாணயங்கள் அகப்பட்டன. சாமான் வாங்கிய காசு மண்ணுக்குள் இருந்தது. சாமான் குடித்து முடிந்திருக்கும்.

1619இல் பறங்கியர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். அரசன் சங்கிலியனைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். பாதிரிமாருக்குப் பூசைக்கு முந்திரிகை வைன்தான் வேண்டும், கள்ளு செல்லாது என்பது திருச்சபைச் சட்டம். லிஸ்பனில் ஏற்றிய பீப்பாய் மாதக்கணக்காகக் கடலில் வெந்து வந்து என்ன ருசியில் திறந்ததென்று ஆண்டவருக்கே வெளிச்சம்.

1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள். அவர்களுடைய கம்பனி மறு வருடமே, 1659 மாசியில், நன்னம்பிக்கை முனையில் முதல் வைன் பிழிந்தது. இங்கே பிழிந்தது வரியை. மண்ணைக் குற்றம் சொல்ல முடியாது. வலிகாமத்தில் சுண்ணக்கல்லுக்கு மேல் செம்மண். ஆஸ்திரேலியாவின் கூனவாரா இதே மாதிரி மண்ணால்தான் பெயரெடுத்தது. அவர்கள் கபர்னே சோவினியோன் நட்டார்கள், நாங்கள் வெங்காயமும் புகையிலையும் நட்டோம். (சுருட்டில்லாமல் வைன் எதற்கு என்று முன்னோர் யோசித்திருக்கலாம்.)

ஆனால் ருசிக் கல்வி இங்கே இல்லையென்று யார் சொன்னது? பிரெஞ்சுக்காரன் ஒற்றைத் தோட்டத்து வைனைத் தனியாக அடைத்துக் கொள்ளை விலை சொல்வான். இங்கே ஒற்றை மரத்துக்கே கணக்குண்டு: தனிப்பனைக் கள்ளு. ஆண்பனையா பெண்பனையா, காலையில் இறக்கினதா பின்னேரம் இறக்கினதா, உடன் கள்ளா கலப்பா என்பதெல்லாம் பனையோலைப் பிளாவை வாயில் வைத்த உடனே சொல்லும் கிழவர்கள் ஊருக்கு நாலு பேர் இருந்தார்கள். கற்பூரவாசம், ஈரத்தோல் வாசம் என்று அவர்கள் கதையளக்கவில்லை. "புளிச்சுப்போச்சு", "தண்ணி விட்டிருக்கிறான்", "இது சாமான்" என்ற மூன்று தீர்ப்போடு பரீட்சை முடிந்தது. முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் புளிக்காத கருப்பணி. தடவாவிட்டால் மதுவம் சீனியைத் தின்று சில மணித்தியாலத்தில் கள்ளு. மறந்துபோய் வைத்தால் வினாகிரி. நல்ல வைன் முதிர வருடக்கணக்கில் நிலவறை வேண்டும். கள்ளு பகல் விடிந்து பொழுதுபடமுன் பிறந்து கிழண்டுபோகும்.

1816இல் அமெரிக்க மிஷனரிமார் வந்து குடியை ஒழிக்கச் சொன்னார்கள். அவர்களோடு மல்லுக்கு நின்ற ஆறுமுக நாவலரும் கள்ளுண்ணலைப் பாவம் என்றார். ஊர்ப் பெரியவர் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு, வேலியோரம் போய்ப் பிளாவை ஏந்தினார். கள்ளு தீட்டில்லை, சீவினவன் தீட்டு. 1968இல் ஒடுக்கப்பட்ட சாதியார் உள்ளே வரக்கூடாதென்று மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலை மறித்து நின்றவர்களில் பனையடி காணாதவர் எத்தனை பேரோ! இத்தனை நுட்பமான கல்வி ஒரு ஏட்டிலும் ஏறாததற்குக் காரணம் வேறில்லை. வாத்தியார் சீவல் தொழிலாளி. மாணாக்கர் பள்ளிக்கூடத்தின் பெயரை வெளியில் சொல்ல வெட்கப்பட்டார்கள்.

முந்திரிகை வைன் கடைசியில் உள்ளூரிலேயே பிறந்தது. தோமஸ் அடிகள் 1928இல் தோலகட்டியில் தொடங்கிய செபமாலைத் தாசர் ஆச்சிரமத்தில் அதைச் செய்தார்கள். நெல்லிரசமும் அவர்கள் கைவண்ணந்தான். செபமும் மௌனமுமே அந்தச் சபையின் வாழ்க்கை. வைன் செய்துவிட்டு அதைப் பற்றி வாயே திறக்காத ஆட்களைப் பிரான்சில் தேடிப்பாருங்கள், கிடைக்கமாட்டார்கள்.

இப்போது கள்ளையும் போத்தலில் அடைத்துக் கப்பலேற்றுகிறார்கள். அது சூடாக்கி மதுவத்தைக் கொன்ற கள்ளு. ரொறன்ரோவில் அதைக் குடித்துவிட்டு ஊர் ஞாபகம் வந்ததென்று கண்ணீர் விடவேண்டாம். ருசி பார்க்க வேண்டுமென்றால் பனைக்காலத்தில் ஊருக்கு வாருங்கள், வெயில் ஏறமுன் தவறணைக்குப் போங்கள், சீவினவரிடம் விலை பேசாதீர்கள்.