பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு களஞ்சியம்

2022 யூன் மாதம் அரசாங்கம் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளை இனாமாகக் கொடுத்தது. பெற்றோல் இல்லை, டொலர் இல்லை, சாப்பாட்டுக்கும் தட்டுப்பாடு வரும்போலிருக்கிறது. ஆகவே மூன்று மாதத்துக்கு வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் நின்று பயிர் செய்யுங்கள் என்று அமைச்சரவை முடிவெடுத்தது. எனக்கு நுவரெலியாவில் கோப்புகளுக்கு இலக்கம் போடுகிற உத்தியோகம். வீடு, கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில். செய்தியைச் சொன்னதும் அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"இருநூறு வருஷமா நாங்க மண்ணக் கொத்துறோம். இப்பத்தான் கவுருமெண்டுக்கு அந்த ரோசன வந்திருக்கு."

என்ன நடுவது என்ற கேள்வியே எழவில்லை. உருளைக்கிழங்கு இரவுக் குளிரில்தான் கிழங்கு கட்டும். யாழ்ப்பாணத்தில் அதற்காக மார்கழி, தைக் குளிரைப் பார்த்துக் காத்திருக்கிறார்கள். எங்களுக்குக் கடல்மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே வருஷம் முழுவதும் குளிர் இலவசம். அரசாங்கம் இன்னும் வரி போடாத சில பொருள்களில் அதுவும் ஒன்று.

எங்கே நடுவது என்பதுதான் சிக்கல். லயத்துக்குப் பின்னால் கானுக்கும் தேயிலைக்கும் நடுவே ஒரு துண்டு நிலம் கிடக்கிறது. அது தோட்டத்துக்குச் சொந்தம், நாங்கள் கொத்துவது பழக்கம். குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணி என்று சில வருஷங்களுக்கு முன் பேச்சு வந்தபோது பெரியப்பா கணக்குப் பார்த்தார். ஒரு பேர்ச்சஸ் ஏறக்குறைய 25 சதுர மீற்றர். வீடு, கக்கூசு, படிக்கட்டு, மாமியார் இவ்வளவும் போக மிஞ்சுவதில் கிழங்கு நடலாம், ஆனால் நின்று பார்க்க இடமிருக்காது என்றார்.

இந்த மலையில் பயிர் செய்ய வந்தவர்களில் எல்லோரும் பெயர் சொல்வது சாமுவேல் பேக்கரைத்தான். 1848இல் நுவரெலியாவில் ஓர் ஆங்கிலக் கிராமத்தையே உண்டாக்குவதென்று இங்கிலாந்திலிருந்து மாடு, ஆடு, வேட்டைநாய், கலப்பை, கொல்லன் சகிதம் வந்து இறங்கினார். அவருடைய வண்டியைக் குதிரைக்காரர் குடித்துவிட்டு ஓட்டிப் பள்ளத்தில் தள்ளினார். அத்தனையையும் 1855இல் புத்தகமாக எழுதினார் பேக்கர். அதே காலத்தில் எங்கள் ஆட்கள் இந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்தார்கள். அவர்கள் கையில் என்ன விதை கொண்டுவந்தார்கள் என்று ஒருவரும் எழுதிவைக்கவில்லை. வண்டி இருந்தால்தானே பள்ளத்தில் விழும், விழுந்தால்தானே புத்தகம் வரும்?

விதைக்கிழங்கு தேடிப் புறப்பட்டேன். சீதா எலியவிலும் மீப்பிலிமானவிலும் விவசாயத் திணைக்களத்தின் பண்ணைகள் இருக்கின்றன. மற்றபடி ஒல்லாந்திலிருந்து கப்பலில் வரவேண்டும். டொலர் இல்லாத வருஷத்தில் கப்பலை எங்கே தேடுவது? அம்மா கட்டிலுக்கடியிலிருந்து முளைவிட்ட கிழங்குகளை ஒரு சுளகு நிறைய எடுத்து வந்தார். சந்தைக் கிழங்கை நடக்கூடாது, அதில் நோய் இருக்கும், புழு மண்ணுக்குள் போனால் வருஷக்கணக்கில் போகாது, சோதித்த விதைதான் நல்லது என்று நான் படித்ததையெல்லாம் ஒப்பித்தேன்.

"நம்மள மட்டும் சோதிச்சுப் பாத்தா கொண்டாந்து நட்டாங்க?" என்று கேட்டுவிட்டு அம்மா மண் கிண்டுகிற முள்ளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்தது உரம். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்து, நவம்பரில் தடையை எடுத்தார்கள். தடை போனது, உரம் வரவில்லை, வந்த கொஞ்சத்துக்கும் விலை பல மடங்கு. அந்த வருஷங்களில் எங்கள் லயத்தில் மிகப் பெரிய மனிதர், மாட்டுப்பட்டி வைத்திருக்கும் மாமாதான். அதுவரை 'ஏய் மாட்டுக்காரா' என்றவர்களெல்லாம் 'மாமா, சாயத்தண்ணி குடிச்சீங்களா' என்று விசாரித்தார்கள். மாமா எருவை ஆள் பார்த்து, தராதரம் பார்த்துக் கொடுத்தார். மாட்டுக்கும் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டதாக அப்பாயி சொன்னார்.

வரிசைக்கு வரிசை 60 சென்றிமீற்றர், கிழங்குக்குக் கிழங்கு 25 சென்றிமீற்றர் என்பது விதிமுறை. நான் அளவுநாடாவோடு குனிந்திருந்தேன். இஸ்தோப்பில் நின்ற பெரியப்பா ஓய்வுபெற்ற கங்காணி. சம்பளம்தான் ஓய்வு பெற்றது, குரல் இன்னும் வேலையில் இருக்கிறது. பிரட்டுக்களத்தில் நிற்பதாகவே நினைத்துக்கொண்டு கத்தினார்: "தம்பி, வெள்ளன வந்து கொத்தணும். ஒம்பது மணிக்கு வந்து நாடா பிடிச்சா இன்னிக்கு ஒனக்கு அரப்பேருதான்!" அரசாங்கம் முழுச் சம்பளம் கொடுத்த நாளுக்குப் பெரியப்பா அரைப்பேர் போட்டார். கணக்காய்வாளர் யாரும் இவ்வளவு நியாயமாக நடந்ததில்லை.

செடி முழங்கால் உயரம் வந்ததும் மண் அணைத்தோம். கிழங்கு மண்ணுக்கு வெளியே தலைகாட்டினால் வெயில் பட்டுப் பச்சையாகிவிடும். பிறகு மூடுபனி இறங்கியது. அதோடு இலைக்கருகலின் பயமும் இறங்கியது. 1845இல் அயர்லாந்தின் வயல்களை அழுகவைத்துச் சனங்களைப் பட்டினி போட்டுக் கப்பலேற்றியது அதே நோய்தான். குளிர், ஈரம், நனைந்த இலை, இந்த மூன்றும் அதற்கு வேண்டும். மூன்றும் எங்களிடம் தாராளம். நோய்களுக்கும் இந்த நாட்டுச் சரித்திரத்தில் பங்குண்டு. 1869இல் ஒரு துரு நோய் வந்து கோப்பியைத் தின்னாவிட்டால், ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் நட்ட தேயிலை இத்தனை மலை ஏறியிருக்காது. அம்மாவின் முதுகில் கூடையும் ஏறியிருக்காது. இலைக்கருகல் அந்த முறை எங்களைத் தவறவிட்டது. காட்டுப்பன்றி தவறவிடவில்லை. ஓர் இரவு வந்து ஒரு வரிசையை முள்ளோ மம்பட்டியோ இல்லாமல் சுத்தமாகக் கிண்டிவிட்டுப் போயிருந்தது. பெரியப்பா பார்த்துவிட்டு, "இது முழுப்பேரு" என்றார்.

மூன்று மாதம் கழித்து இலை மஞ்சளானதும் கொடியை அறுத்துவிட்டுக் கிழங்கை இரண்டு கிழமை மண்ணிலேயே விட்டோம். அப்போதுதான் தோல் முற்றும். பெருவிரலால் தேய்த்துப் பார்த்துத் தோல் உரியாவிட்டால் கிண்டலாம். கிண்டுகிற அன்று லயமே உதவிக்கு வந்தது. முள் குத்திய கிழங்கு வைத்திருந்தால் அழுகும், ஆகவே அன்றே சமைத்துவிட வேண்டும். உதவிக்கு வந்தவர்கள் ஏன் அவ்வளவு குறிபார்த்துக் குத்தினார்கள் என்பது இரவு ரொட்டியும் கிழங்குக் கறியும் பரிமாறும்போது விளங்கியது.

இதுவரை சொன்னதெல்லாம் சுலபமான பகுதி. கிழங்கை விளைவிக்க மண் போதும். வைத்திருக்க வீடு வேண்டும்.

சாப்பாட்டுக் கிழங்குக்கு இருட்டு, குளிர், காற்றோட்டம், ஈரமின்மை நான்கும் வேண்டும், கழுவக்கூடாது, பழுக்கிற வாழைப்பழத்தோடு சேர்க்கக்கூடாது. எங்கள் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. இருட்டு உண்டு, வெள்ளைக்காரன் ஜன்னல் விஷயத்தில் சிக்கனமாக இருந்துவிட்டுப் போயிருக்கிறான். குளிரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். காற்று, தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே உத்தரவில்லாமல் வந்து போகும். ஈரமின்மை மட்டும் இந்தப் பிரதேசத்தில் கிடைப்பதில்லை.

மாமா அடுப்புக்கு மேலே உள்ள பரணைச் சிபாரிசு செய்தார். காஸ் இல்லாத காலம், விறகடுப்பு ஓயாமல் எரிந்தது. சூட்டில் கிழங்குகள் வசந்தகாலம் வந்துவிட்டதென்று நம்பி முளைக்கத் தொடங்கின. மிச்சமிருந்த இடம், கட்டிலுக்கடி. அங்கே அப்பாயியின் தகரப்பெட்டி இருந்தது.

"அத நகத்தாத. உள்ள பிரஜாவுரிமப் பத்திரம் இருக்கு" என்றார் அப்பாயி. "கெழங்குதானே அப்பாயி, பக்கத்துல வைக்கிறேன்" என்றேன். அப்பாயி எழுந்து உட்கார்ந்துவிட்டார். "கெழங்கு அழுகுனா நாறும். அது அழுகுனா நாடு போயிரும்."

அவர் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 1948இல் ஒரு சட்டம் வந்து எங்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். சந்தையில் கிழங்கைக்கூடப் பெரிது சிறிது பார்த்துத்தான் பிரிப்பார்கள். கடைசியாக விடுபட்டவர்களுக்கும் சேர்த்துச் சட்டம் வந்தது 2003இல்.

கிழங்குக்கு இந்தத் தொல்லை கிடையாது. உள்ளூர் அறுவடை வரும்போது இறக்குமதிக் கிழங்குக்கு விசேட வியாபாரப் பண்ட அறவீட்டைக் கூட்டுவதும், விலை ஏறினால் குறைப்பதும் அரசாங்கத்தின் வழக்கம். வியாபாரிகளின் வழக்கம் வேறு. இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் வந்த கிழங்கை மண்ணில் புரட்டி எடுத்து நுவரெலியாக் கிழங்கென்று விற்பதாக அடிக்கடி செய்தி வருகிறது. ஒரே இரவு மண்ணில் புரண்டால் கிழங்குக்குப் பிரஜாவுரிமை! எங்கள் ஆட்கள் அதே மண்ணில் ஐந்தாறு தலைமுறை புரண்டார்கள். ஒருவேளை போதிய அளவு ஒட்டவில்லையோ என்னவோ.

விதைக்கு எடுத்துவைத்த கிழங்கு இன்னொரு தலைவலி. அதற்கு இருட்டு ஆகாது. மங்கிய வெளிச்சத்தில் பரப்பி வைத்தால்தான் முளை குட்டையாகவும் திடமாகவும் வரும்; பெருவின் லீமாவிலுள்ள சர்வதேச உருளைக்கிழங்கு நிலையம் உலகத்துக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த முறை அது. வீட்டில் மங்கிய வெளிச்சம் விழுகிற ஒரே இடம் சாமிப்படத் தட்டு. முருகனுக்குக் கீழே கிழங்கைப் பரப்பினோம். விருந்தாளிகள் படையல் என்று நினைத்துக் கும்பிட்டார்கள். ஒருவர் பிரசாதம் கேட்டார்.

சாப்பாட்டுக் கிழங்குக்குக் கடைசியில் அம்மா வழி கண்டுபிடித்தார். வைக்க இடமில்லாததைக் கொடுத்துவிட வேண்டும். வீட்டுக்கு வீடு ஒரு பெட்டி அளந்து போட்டார். நான் கொஞ்சம் பதறினேன். அம்மா விளக்கினார்: "நம்ம வீட்டுல வச்சா ஒரு மூலையில அழுகும். இப்ப லயம் முழுக்க நம்ம கெழங்குதான் இருக்கு. நமக்கு வேணுங்கிறப்ப எதாவது வரும்."

அம்மா சொன்னதில் பிழையில்லை. எருக்கார மாமா வீட்டிலிருந்து பால் வந்தது. கடைசிக் காம்பராவிலிருந்து லீக்ஸ் வந்தது. அடுத்த வீட்டிலிருந்து கோவா. இந்தக் களஞ்சியத்துக்குப் பூட்டில்லை, வாடகையில்லை, ஒரு கிழங்கும் பச்சையாகவில்லை. நாட்டின் திறைசேரி வெறுமையாகிக் கிடந்த வருஷத்தில் எங்கள் லயத்தில் கடன்கள் ஒழுங்காகத் திருப்பிக் கட்டப்பட்டன.

வட்டி விஷயத்தில்தான் அம்மா கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாம். பெரியம்மா தன் கடனை ஒரே தவணையில் தீர்ப்பதென்று முடிவெடுத்து, ஒரு சாக்கு நோக்கோலைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினார். அம்மா அறையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு கட்டிலைப் பார்த்தார். அப்பாயி ஒன்றும் பேசாமல் இரண்டு காலையும் தொங்கவிட்டு, தகரப்பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார்.